நாலு மணிக்கு மேல தண்ணி அதுங்களுது

ஜவ்வாது மலையில ஒரு ஓடை இருக்கு. பேரு எழுதப் போறதில்ல, எந்த ரோட்டுல ஏறி எங்க திரும்பணும்னும் சொல்லப் போறதில்ல. 2019 மே மாசம் ஒரு தடவ சொல்லிட்டேன். ஃபேஸ்புக்ல நாலு போட்டோ போட்டு, எந்த ஊரு தாண்டி எந்தச் சின்னப் பாலத்துகிட்ட வண்டிய நிறுத்தணும், அங்கருந்து எவ்ளோ நேரம் நடக்கணும்னு அச்சு பிசகாம எழுதினேன். அந்த வருஷத்து வெயில் நம்ம பக்கத்து ஆளுங்க யாருக்கும் மறந்திருக்காது. ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பின வருஷம் அது. பாலாறு எப்பவும் போல மணலும் முள்ளுச்செடியுமா கெடந்துச்சு. அப்படி ஒரு கோடையில, பாறைக்கு நடுவுல இடுப்பளவு தண்ணி நிக்கிற போட்டோவ பாத்தா ஜனங்க சும்மா இருப்பாங்களா, ஆயிரத்துக்கு மேல ஷேர் ஆச்சு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

எட்டு மாசம் கழிச்சு, பொங்கல் லீவுல மறுபடி போனேன். பாலத்துகிட்டயே முப்பது பைக்கு, நாலு கார், ஒரு டூரிஸ்ட் வேன் நின்னுச்சு. ஒத்தையடிப் பாதையா இருந்தது மாட்டு வண்டித் தடம் மாதிரி அகலமாயிருந்துச்சு. பாதி வழியிலயே பாட்டு கேக்க ஆரம்பிச்சிடுச்சு, தண்ணி சத்தம் இல்ல, ப்ளூடூத் ஸ்பீக்கர். ஒரே எடத்துல மூணு ஸ்பீக்கர், மூணும் வேற வேற பாட்டு. மொதல் தடவ போனப்ப நான் குனிஞ்சு கை அள்ளிக் குடிச்ச எடத்துல ஷாம்பு நுரை ஒரு பாறையோட மூலையில சுத்திக்கிட்டே இருந்துச்சு, வெளிய போக வழியில்லாம. அந்த நுரைக்கு நடுவுல கிழிஞ்ச ஒரு ரூபா பாக்கெட்டு. பக்கத்துல பேப்பர் தட்டுல மிச்சம் வெச்ச பிரியாணி, அதுல எறும்பு. அந்த பாக்கெட்ட எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். எடுத்து என்ன பண்றது, சுத்தி இன்னும் நூறு கெடந்துச்சு. அந்தப் பாதைய அத்தன பேருக்கும் காட்டினது நான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவ அழிச்சேன். அழிச்சு என்ன ஆகப் போவுது, அதுக்குள்ள வீடியோ எடுத்தவங்க எத்தனையோ பேரு. அப்புறம் ஊரடங்கு வந்துச்சு, அதுக்கப்புறம் பாலத்துகிட்ட கீழ் ஊருக்காரங்க முள்ள வெட்டிப் போட்டு பாதைய அடைச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சுன்னு ஒரு பக்கம் தோணுச்சு, இன்னொரு பக்கம் வயித்த பெசஞ்சுச்சு. அந்த ரெண்டு நெனப்புக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு இருந்த கதைதான் இது.

தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ்

எங்க சித்தப்பா மகன் அமெரிக்காவுல அரிசோனாவுல இருக்கான். ஒரு அக்டோபர் மாசக் கடைசியில வாட்ஸப்புல வரிசையா பதினோரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்துச்சு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள்ள, கொலராடோ ஆத்துல, துடுப்பு போடற ரப்பர் படகுல பதினாறு நாள் போயிட்டு வந்திருக்கான். லீஸ் ஃபெர்ரின்னு ஒரு எடத்துல எறங்கினா டைமண்ட் கிரீக் வரைக்கும் 226 மைல். நம்ம கணக்குல சொன்னா வேலூர்ல இருந்து மெட்ராஸ் போயி, திரும்பி வந்து, மறுபடியும் பாதி வழி போற தூரம். ரெண்டு பக்கமும் ஒரு மைல் உயரத்துக்குப் பாறை, போன் சிக்னல் கெடையாது, நடுவுல கடை கண்ணி கெடையாது.

நான் ஆத்தப் பத்தி சொல்லுவான்னு பாத்தா அவன் மொத மூணு மெசேஜும் கக்கூஸ் பத்தியே பேசினான். "அண்ணா, நாங்க பதினாறு பேரு, பதினாறு நாளும் போனது எல்லாத்தையும் பெட்டியில போட்டு, படகுல கட்டி, கூடவே எடுத்துக்கிட்டு வந்தோம்ணா"ன்னான். மிலிட்டரியில துப்பாக்கி ரவை வெக்கிற இரும்புப் பெட்டி, காத்து கூட போகாத அளவுக்கு ரப்பர் வெச்ச மூடி. அந்தக் காலத்துல சீட்டு வெக்காம நேரா பெட்டி விளிம்பு மேலயே உக்காருவாங்களாம், எழுந்தா சதையில ரெண்டு கோடு பதிஞ்சிருக்குமாம், அதையே அந்தப் பெட்டிக்குப் பேரா வெச்சிட்டாங்க. ஒண்ணுக்கு மட்டும் ஆத்துலயே போகணும், கரையில போகக் கூடாது. எனக்கு இது தலைகீழா பட்டுச்சு, கேட்டேன். அது பாலைவனம், மழை கம்மி, மணல்ல போனா நாத்தம் அப்படியே தங்கிடும், எல்லாரும் ராத்திரி படுக்கறது அதே மணல் திட்டுலதான், ஆனா ஆத்துல ஓடுற தண்ணி அளவுக்கு அது ஒண்ணுமே இல்லன்னு சொன்னான். பாத்திரம் கழுவின தண்ணிய சல்லடையில வடிகட்டி, மாட்டுற பருக்கைய குப்பையில போடணும். அடுப்பு எரிக்கறது இரும்புத் தட்டு மேலதான், சாம்பலையும் மூட்டை கட்டி எடுத்துட்டு வந்துடணும்.

எதுக்கு இவ்ளோ கெடுபிடின்னா அதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. பவல்னு ஒருத்தரு 1869ல நாலு படகு, அவரையும் சேத்து பத்து ஆளா மேல இருந்து கெளம்பி, அந்தப் பள்ளத்தாக்க ஆத்து வழியா கடந்து முடிக்கறப்ப மிஞ்சினது அவரோட சேத்து ஆறு பேருதான். அதுல இருந்து 1949 வரைக்கும், எண்பது வருஷத்துல, அந்த ஆத்துல முழுசா போனவங்க மொத்தமே சுமார் நூறு பேரு. 1972ல ஒரே வருஷத்துல 16,000 பேருக்கு மேல. மணல் திட்டெல்லாம் கரியும் கழிவுமா ஆகிப் போயி, அப்பதான் இதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. அதுலயும் ஒரு சிக்கல் பாருங்க, மேல 1963ல க்ளென் கேன்யன் அணை கட்டினப்புறம் ஆத்துல வர்ற வண்டல் எல்லாம் அணைக்குள்ளயே தங்கிடுது, அதனால கீழ மணல் திட்டு வருஷத்துக்கு வருஷம் கரையுது. வர்ற ஆளு அதிகம், படுக்கற எடம் கம்மி. மணல் இல்லாத ஆறு எப்படி இருக்கும்னு பாலாத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், இங்க லாரியில போச்சு, அங்க அணையில நின்னுச்சு.

சொந்தமா போறவங்களுக்கு மொதல்ல வெயிட்டிங் லிஸ்ட் வெச்சாங்க. அது நீண்டு நீண்டு, ஆயிரக்கணக்கான பேரு சேந்து, கடைசியில இருக்கறவனுக்கு இருபது வருஷம் ஆகும்ங்கற நெலமைக்குப் போயிடுச்சு. 2006ல அத மாத்தி குலுக்கல் கொண்டு வந்தாங்க. அதுலயும் ஒரு முறை வெச்சிருக்காங்க, பல வருஷமா போகாதவங்களுக்கு அதிக சீட்டு, சமீபத்துல போயிட்டு வந்தவங்களுக்கு கம்மி சீட்டு. ஒரு ஆளு வருஷத்துக்கு ஒரு தடவதான். சொந்தமா போற கும்பல்ல பதினாறு பேருக்கு மேல கூடாது. ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மோட்டார் படகு போகலாம், மிச்ச ஆறரை மாசம் துடுப்பு மட்டும்தான். தம்பி போனது அந்த துடுப்பு மாசத்துல. "இன்னொரு கும்பல ஒரு நாள்ல எத்தன தடவ எதிர்ல பாக்குறோம்ங்கறதையே அவங்க கணக்கா வெச்சிருக்காங்கண்ணா, ஆளுங்க எண்ணிக்கைய மட்டும் இல்ல"ன்னு சொன்னான். எனக்கு அது உள்ள போயி உக்காந்துக்குச்சு. குப்பைய அள்ளிடலாம். நூறு பேரு போயி நூறு பேரும் சுத்தமா வெச்சிட்டு வந்தாலும், அங்க இருந்த ஒண்ணு போயிடும். மொதல் தடவ அந்த ஓடையில நான் கேட்ட சத்தம், தண்ணி ஒரு கல்லுல இருந்து இன்னொரு கல்லுக்கு எறங்கற சத்தம், அத அள்ளிப் போட குப்பைத் தொட்டி இல்ல.

யாருக்கு முறை

ஆனா குலுக்கல்னு கேட்டதும் எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில லைன் சூப்பர்வைசர். எங்க லைன்ல அப்பர், அதாவது ஷூவோட மேல் தோலு, தைக்கறது பூரா பொம்பளைங்க, பேர்ணாம்பட்டு பக்கத்துல இருந்து, வாணியம்பாடி பக்கத்துல இருந்து, காலையில ஆறு மணிக்கே கம்பெனி பஸ்ஸுக்கு வந்து நிக்கறவங்க. வாரத்துல ஆறு நாளு மிஷினு, தோலு, ஒட்டற சொல்யூஷன் வாடை. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் அவங்களது, அதுலயும் பாதி துணி தொவைக்கறதுலயே போயிடும். இவங்களப் போயி ஆன்லைன்ல பதிவு பண்ணுங்க, குலுக்கல்ல வந்தா போங்கன்னா, கடைசியில யாரு போவாங்க? கார் வெச்சிருக்கறவன் போவான், லேப்டாப் வெச்சிருக்கறவன் போவான். அமெரிக்காவுலயும் அந்தச் சண்டை ஓயல. கம்பெனி மூலமா காசு கட்டிப் போறவங்களுக்கு குலுக்கல் கெடையாது, ஆயிரக்கணக்குல டாலர் எடுத்து வெச்சா நேரா படகுல ஏறிடலாம். மோட்டாரே வேணாம்னு 1980ல திட்டம் போட்டப்ப, அவங்க நாடாளுமன்றத்துல செலவு மசோதாவுல ஒரு வரிய சொருகி அத நிறுத்திட்டாங்க. இன்னி வரைக்கும் அந்தப் பள்ளத்தாக்க, மனுஷன் கை வெக்கக் கூடாத காடுன்னு சட்டப்படி அறிவிக்கல, அறிவிச்ச மாதிரி பாவிச்சு நடத்துறாங்க, அவ்ளோதான்.

நம்ம ஊர்லயும் இப்ப இந்தப் பேச்சு வந்தாச்சு. ஹைகோர்ட் சொல்லி 2024 மே மாசம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து நீலகிரிக்கு சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000ன்னு நம்பர் போட்டாங்க. குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் மலையேத்தத்துக்கு விதிமுறை வந்து, 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதைய ஆன்லைன் பதிவோட தொறந்துச்சு. இதெல்லாம் வேணாம்னு நான் சொல்லல, வேணும். டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டில திருப்பிக் கொடுத்தா அந்தக் காச கொடுக்கற முறைய 2022ல நீலகிரியில ஆரம்பிச்சாங்க, இந்த விஷயத்துல நான் பாத்த நல்ல வேலை அதுதான். ஏன்னா அது யாரையும் உள்ள வராதன்னு சொல்லல, வந்தா இத பண்ணுன்னு சொல்லுது. ஆனா இந்த ஏற்பாடெல்லாம் பெரிய பேரு வாங்கின எடங்களுக்கு. என் ஓடை மாதிரி, பேரே வெளிய தெரியாத எடத்துக்கு எந்தக் கோர்ட்டும் நம்பர் போடாது. அங்க ரெண்டே ரெண்டுதான் நடக்கும். ஒண்ணு எல்லாரும் போயி நாசமாகும், இல்லன்னா யாராவது முள்ளு வெட்டிப் போடுவாங்க.

முள்ளு வேலி

போன வருஷம் மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மறுவாரம், எங்க லைன்ல இருக்கற ஒரு அக்கா வந்து கேட்டாங்க. ஐம்பது வயசு இருக்கும், இருபத்திரெண்டு வருஷமா தைக்கறாங்க. "சார், நீங்க ஒருக்கா போன்ல காட்டுனீங்களே அந்தத் தண்ணி, அது இன்னும் ஓடிக்கினு கீதா? எம் பேரனுக்கு ஓடற தண்ணினா இன்னான்னே தெரியாது சார், 2021ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப கைக்கொழந்த"ன்னாங்க. முள்ளு போட்டு அடைச்சிருக்காங்கன்னு சொல்லலாம்னு வாய தொறந்தேன், சொல்ல முடியல. சரிக்கா போலாம்னுட்டேன். அந்த ஞாயித்துக்கெழம ஒரு மினி வேன் பேசி, அந்த அக்கா, அவங்க மருமக, பேரன், லைன்ல இன்னும் ஆறு பேரு, நானு, எங்க வீட்ல ரெண்டு பேரு, மொத்தம் பன்னெண்டு பேரு கெளம்பினோம். கிளம்பறதுக்கு முன்னாடி தம்பி சொன்னதெல்லாம் நெனச்சுக்கிட்டு ரெண்டு காலி பெயிண்ட் பக்கெட்ட மூடியோட வேன்ல ஏத்தினேன், குப்பைக்கு. சோப்பு, ஷாம்பு யாரும் எடுக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டேன். சோறு வாழை எலையில கட்டிக்கிட்டாங்க.

பாலத்துகிட்ட முள்ளு இருந்துச்சு. நல்லா காஞ்ச சீமைக்கருவேலம், ஆள் உயரத்துக்கு. பக்கத்துல ஒரு பாறை மேல பெரியவரு ஒருத்தரு உக்காந்திருந்தாரு, தோள்ல துண்டு, கையில அருவா. மலையாளிங்கற மலைவாசி ஜனங்க ஊரு அது, சாமையும் கொள்ளும் போடறவங்க. அவரு என்னைய பாத்த பார்வையில, இவன்தான்னு தெரிஞ்சிடுச்சோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, அவருக்கு எப்படித் தெரியும். ஆனா நானே சொல்லிட்டேன். "ஐயா, அந்த வருஷம் போட்டோ போட்டு வழி எழுதினவன் நான்தான்"னு. ஏன் சொன்னேன்னு இன்னிக்கும் எனக்கு வெளங்கல, வாயில வந்துடுச்சு. அவரு கோவப்படுவாருன்னு நின்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அந்த அக்காவோட பேரன பாத்துட்டு, "எத்தன பேரு?"ன்னாரு. பன்னெண்டுன்னேன். "பாட்டு பொட்டி கீதா?" இல்லன்னேன். "சரக்கு?" இல்லைங்க ஐயா. எழுந்து வந்து அருவா முனையால முள்ள கொக்கி போட்டு ஒரு ஆள் நுழையற அளவுக்கு ஒதுக்கினாரு. நாங்க போனதும் திரும்ப இழுத்து வெச்சிட்டு எங்க கூடவே நடந்து வந்தாரு.

தண்ணி கிட்ட போறதுக்கு நூறு அடி முன்னாடி ஒரு வேங்கை மரம், அதுக்குக் கீழ ஏழு கல்லு, மஞ்சக் குங்குமம் மழையில கரைஞ்ச தடத்தோட. மொதல் தடவயும் ரெண்டாவது தடவயும் நான் அந்தக் கல்ல பாத்திருக்கேன், கல்லுன்னு மட்டும்தான் பாத்தேன். போட்டோவுல கூட ஓரத்துல விழுந்திருக்கு. "கன்னிமாரு"ன்னாரு பெரியவரு, செருப்ப அங்கயே கழட்டினாரு. நாங்களும் கழட்டினோம். அந்த அக்கா தாலிக் கயித்த கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னாங்க. அதுக்கு மேல யாருக்கும் சத்தமா பேசவே தோணல. அந்த நூறு அடிக்கு எந்த போர்டும் இல்ல, காவலும் இல்ல.

அக்கா தண்ணியில எறங்கினத எழுதணும்னு எவ்ளோ நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். பொடவைய முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கிட்டு, பேரன் கைய புடிச்சுக்கிட்டு, ஒரு காலை வெச்சாங்க, எடுத்தாங்க, மறுபடி வெச்சாங்க. கைவிரல் நுனியெல்லாம் சொல்யூஷன் பட்டுப் பட்டு தோலு உரிஞ்சு வழுவழுன்னு ஆன விரல், அத தண்ணிக்குள்ள விட்டு அப்படியே வெச்சிருந்தாங்க, ரொம்ப நேரம். சின்னச் சின்ன மீனு வந்து அந்த விரல கொத்துச்சு. பேரன் சிரிச்ச சிரிப்பு பாறையில பட்டு திரும்பி வந்துச்சு, அதக் கேட்டு அவனே பயந்துட்டான். "தம்பி, இது பூரா யாருதுப்பா?"ன்னு கேட்டாங்க அக்கா. கம்பெனியில சார், இங்க தம்பி. நான் பதில் சொல்லல.

மூணு மணிக்கு சாப்ட்டு முடிச்சு, எலைய பக்கெட்டுல போட்டுக்கிட்டு இருந்தோம். பெரியவரு வானத்தப் பாத்துட்டு சொன்னாரு, "வெயில் சாயறதுக்குள்ள எறங்கிடணும். நாலு மணிக்கு மேல தண்ணி அதுங்களுது." எதுங்களுதுன்னு பையன் கேட்டான். கரடி, மானு, காட்டுப்பன்னி, முள்ளம்பன்னின்னு விரல் விட்டு எண்ணினாரு. அந்த ரெண்டு மூணு வருஷமா ராவெல்லாம் ஆளுங்க கூத்தடிக்க, அதுங்க இங்க வர்றத விட்டுட்டு ஊருக்குள்ள கெணத்து மேட்டுக்கு வர ஆரம்பிச்சிடுச்சாம். சாமைக் கொல்லையில பன்னி பொரண்டுச்சு, விடிகாலையில வெளிய போன ஒரு பொம்பளைய கரடி தொரத்துச்சு. முள்ளு போட்டது அதுக்காகத்தான். குப்பைக்குன்னு இல்ல. "நீங்க வரக்கூடாதுன்னு யாரு சொன்னது? அதுங்களுக்கும் ஒரு முறை கீது இல்ல? அத நீங்க புடுங்கிக்கிட்டா அதுங்க எங்கப்பா போவும்"னாரு.

முறை. அந்த வார்த்தையிலதான் எனக்குள்ள இருந்த முடிச்சு அவுந்துச்சு. எங்க தாத்தா ஊர்ல ஏரித் தண்ணிக்கு முறை வெச்சிருந்தாங்க, மேக்காட்டுக்கு இன்னிக்கு, கீக்காட்டுக்கு நாளைக்கு, மடை திருப்பறதுக்கு ஊரே வெச்ச ஒரு ஆளு. வட ஆற்காடு பூராவும் ஏரி நம்பிப் பொழைச்ச பூமி, முறை தெரியாதவன் இங்க விவசாயமே பண்ணியிருக்க முடியாது. முறை வெக்கறதுன்னா தடுக்கறது இல்ல, தண்ணி எல்லாருக்கும் பத்தாதுன்னு ஒத்துக்கிட்டு யாருக்கு எப்போன்னு பேசி முடிக்கறது. கொலராடோ ஆத்துல ஆறரை மாசம் மோட்டார் வேணாம்னு வெச்சிருக்காங்களே, பல வருஷமா போகாதவனுக்கு கூட சீட்டு தர்றாங்களே, அதுவும் முறைதான். நான் இத்தன வருஷமா தொறக்கறதா பூட்டறதான்னு ரெண்டே ரெண்டா வெச்சு மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்.

இருட்டு

இன்னொண்ணும் சொல்லணும். காடு, வனாந்தரம், மனுஷன் கால் படாத எடம்னு சொல்றப்ப நான் இப்ப ரொம்ப யோசிக்கறேன். அமெரிக்காவுல 1964ல காட்டுச் சட்டம் போட்டப்ப மனுஷன் வந்து போற விருந்தாளியா மட்டும் இருக்கற எடம்னு ஒரு கருத்த வெச்சுத்தான் போட்டாங்க. ஆனா கிராண்ட் கேன்யன்ல ஹாவசுபாய்னு ஒரு ஜனம் நூத்துக்கணக்கான வருஷமா இருந்துக்கிட்டு இருந்துச்சு. அவங்கள 518 ஏக்கர்ல அடைச்சிட்டு, மிச்சத்த காடாக்கினாங்க, பார்க்காக்கினாங்க. சண்டை போட்டுப் போட்டு 1975லதான் 1,85,000 ஏக்கர் திரும்ப வாங்கினாங்க. ஹோப்பி ஜனங்களுக்கு, அவங்க முன்னோருங்க இந்த உலகத்துக்குள்ள வந்த வாசலே அந்தப் பள்ளத்தாக்குல இருக்கு. விஷயம் தெரியாதவனுக்கு அது வெறும் பாறை, எனக்கு அந்த ஏழு கல்லு தெரிஞ்ச மாதிரி. இங்க 2006ல வன உரிமைச் சட்டம் வந்துச்சு, அந்த ஆத்துல புது முறை வந்த அதே வருஷம். காட்டுல இருக்கறவங்களுக்கு அந்தக் காட்டப் பாத்துக்கற உரிமையும் பொறுப்பும் உண்டுன்னு அதுல எழுதியிருக்கு. ஊட்டிக்கு நம்பர் போட பெரிய பெரிய படிப்பாளிங்க ஆய்வு பண்றாங்க, பண்ணட்டும். இந்த ஓடைக்கு நம்பர் தெரிஞ்ச ஆளு அருவாளோட பாறை மேல உக்காந்திருக்காரு. அவர யாராவது கேட்டாப் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஒண்ண காப்பாத்த முடியுமான்னு சந்தேகப்படறவங்க இதே மலையில காவலூர் வரைக்கும் போயிட்டு வாங்க. வானத்தப் பாக்கற ஆய்வுக்கூடம், 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு, 1986ல தொறந்தது. அது அந்த எடத்துல இருக்கறதுக்குக் காரணமே இருட்டு. சின்ன வயசுல ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, உள்ள நுழையறப்பவே டார்ச்ச கீழ புடிங்க, மேல அடிக்காதீங்கன்னு வாத்தியாரு சொல்லிக்கிட்டே வந்தாரு. நாங்க நாப்பது பசங்க சத்தமில்லாம அந்த இருட்டுல நடந்தோம். அங்க யாரும் எங்களைய வராதன்னு சொல்லல, இருட்டுக்கு மரியாதை குடுத்துட்டு வான்னாங்க. இருட்ட அப்படிப் பாத்துக்க முடியும்னா சத்தமில்லாத ஒரு ஓடையையும் பாத்துக்கலாம்.

அன்னிக்கு மூணே முக்காலுக்கு நாங்க முள்ளுக்கு இந்தப் பக்கம் வந்துட்டோம். ரெண்டு பக்கெட்டும் நெறஞ்சிருந்துச்சு, எங்க குப்பை கால்வாசி, மிச்சம் பழசு. கண்ணாடிச் சில்லு மட்டும் எவ்ளோ இருக்கும்னு கீழ வந்து எட போட்டுப் பாத்தேன், மூணு கிலோவுக்கு மேல. பெரியவரு முள்ள இழுத்து மூடிட்டு, அவரு பேரனோட போன் நம்பர குடுத்தாரு. வர்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னாரு. ஒரு ஞாயித்துக்கெழமைக்கு ஒரு வேனுக்கு மேல வேணாம், ஆடி மாசம் பூசை முடியற வரைக்கும் யாருமே வேணாம். அந்தப் பையன்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, கேக்கறவங்க பேரு வரிசையா எழுதி வெக்கிறான். வேன் நிறுத்தறதுக்கு ஊருக்கு நூறு ரூபா. எங்க கம்பெனி ஆளுங்கன்னா அவன் காசு வாங்க மாட்டேங்கறான், நாங்க பக்கெட்டு எடுத்துட்டுப் போறதால.

போன மாசம் அந்த அக்கா மறுபடி கேட்டாங்க, மருமக தங்கச்சி வீட்ல இருந்து ஆளு வந்திருக்காங்க, இந்த ஞாயிறு போலாமான்னு. பையனுக்கு போன் போட்டேன். இந்த வாரம் வேலூர்ல இருந்து ஒரு வேன் சொல்லி வெச்சிட்டாங்கண்ணா, அடுத்த வாரமும் ஆளு இருக்கு, அதுக்கு அடுத்த வாரம் வேணா எழுதிக்கறேன்னான். அக்காகிட்ட வந்து சொன்னேன், ஏமாந்துடுவாங்கன்னு நெனச்சேன். மிஷின நிறுத்திட்டு, பக்கத்துச் சுவத்துல தொங்கற காலண்டர்கிட்ட போயி, தோல்ல மார்க் போடற வெள்ளைப் பென்சிலால அந்த ஞாயித்துக்கெழமைய சுத்தி ஒரு வட்டம் போட்டாங்க. காகிதத்துல அந்த வெள்ளை தெரியவே இல்ல. மறுபடி அழுத்திப் போட்டுட்டு வந்து உக்காந்து தைக்க ஆரம்பிச்சாங்க.